யாருடைய சூடு?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் காலை மின்சார ரயிலில், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களை உடனே கண்டுபிடித்துவிடலாம். ஏறுவார்கள், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்ப்பார்கள், கவரைப்பேட்டை வருவதற்குள் குறட்டை வந்துவிடும். ஒரு நாள் எனக்கு எதிர் சீட் காலியாகக் கிடந்தும் ஒருத்தர் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். முப்பத்தைந்து வயசு இருக்கும். விடிகாலைக் காற்றிலும் நெற்றியில் வியர்வை.

"உட்காருங்களேன்" என்றேன்.

"வேணாம் சார். உக்காந்தா வலிக்குது. நின்னாலும் வலிக்குது, ஆனா நின்னா கொஞ்சம் தேவலை."

"எங்கே வலி?"

பக்கத்தில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "கீழ சார்" என்றார். அப்புறம் அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "சூடு பிடிச்சுக்கிச்சு."

செருப்புக்குள் அவருடைய கால் கட்டைவிரல் வெள்ளையாகத் தெரிந்தது. சுண்ணாம்பு.

உங்களுக்கும் இது தெரியாத வைத்தியம் இல்லை. நம் வீடுகளில் நீர்க்கடுப்பு என்றால் கட்டைவிரலில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய், விடிகாலையில் ஊற வைத்த வெந்தயம். பாட்டி சொன்னதைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. சுண்ணாம்பு தடவி யாரும் செத்ததில்லை. ஆனால் அந்த மனிதர் சுண்ணாம்பு தடவிக்கொண்டு ஐந்து வாரமாக நின்றுகொண்டிருந்தார். என் கோபம் அந்த ஐந்து வாரத்தின் மேல்தான்.

தமிழ்நாட்டு ஆம்பளைக்கு இடுப்புக்குக் கீழே வருகிற வலிக்கு இரண்டே இரண்டு காரணங்கள்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, சூடு. இன்னொன்று, பாவம். சூடு என்றால் சுண்ணாம்பு. பாவம் என்றால் லாட்ஜ் வைத்தியர். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று நாம் யோசிப்பதே இல்லை. அந்த மூன்றாவது காரணத்துக்கு நாலு சுவரும், புகைபோக்கியும், வாசலில் செக்யூரிட்டியும் இருக்கின்றன.

முதலில் இந்தப் பாவத்தை முடித்துவிடுவோம்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்திருப்பீர்கள். படிக்காத மாதிரி நடித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, விந்து விரயம், விரை வலி, சொட்டு மூத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர், இன்ன லாட்ஜ், இன்ன ரூம் நம்பர். வலியோடு போகிறவனிடம் முதல் கேள்வி, "சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?" என்பது. உண்டு என்று சொல்லாத ஆம்பளை உலகத்தில் எங்கே இருக்கிறான்? அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான். வலிக்குக் காரணம் அவனே என்று அவன் வாயாலேயே ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது. பிறகு எத்தனை ஆயிரம் கேட்டாலும் கொடுப்பான். மனைவிக்குக்கூடத் தெரியாமல் கடன் வாங்கிக் கொடுப்பான்.

விந்து போனால் உயிரே போகிறது என்ற இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது. 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960-ல் டாக்டர் விக் என்ற இந்திய மனநல மருத்துவர் பெயர் வைத்தார். பயத்துக்கு மருத்துவம் பெயர் வைத்தது, லாட்ஜ் விலை வைத்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது சாமி, 1954-லேயே போட்டாகிவிட்டது. மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். அதன் பட்டியலில் 54 நோய்கள். அவற்றைக் குணப்படுத்துகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யவே கூடாது. ஆண்மைக் குறைவு மட்டும்தான் அதில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். புராஸ்டேட் கோளாறு இருக்கிறது, விரைவீக்கம் இருக்கிறது, குடலிறக்கம் இருக்கிறது, சிறுநீரகக் கல்லும் சிறுநீர்ப்பைக் கல்லும் இருக்கின்றன. அதாவது, ஆம்பளைக்கு அடிவயிற்றுக்குக் கீழே வலி வர என்னென்ன முக்கியக் காரணங்களோ, அவற்றில் பாதியைச் சட்டம் செய்தவர்கள் எப்போதோ யோசித்து வைத்துவிட்டார்கள். எழுபது வருஷமாக அந்தச் சட்டம் பத்திரமாக இருக்கிறது. நோட்டீஸும் பத்திரமாக இருக்கிறது. பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் இந்த விளம்பரங்கள் வந்த காலமும் உண்டு. அந்தப் பணத்தில் எழுத்தாளனுக்கும் சம்பளம் போயிருக்கும். அதனால் நான் ரொம்ப மார் தட்டிக்கொள்ளவில்லை.

நம் செய்தித்தாள்களுக்கு இன்னொரு வியாதி இருக்கிறது. 'மர்ம உறுப்பு.' கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண் இருக்கிறது, அது மட்டும் மர்மம். கிராமத்தில் அதையே 'உயிர்நிலை' என்று எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்! மர்மம் என்று எழுதிப் பழக்கினால் அதில் வருகிற வலியும் மர்மமாகத்தான் இருக்கும்.

மர்மத்தைக் கொஞ்சம் அவிழ்ப்போம். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எனக்குப் பொறுமையாகச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன்.

இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் ஒரு கிண்ணம் மாதிரி இடம். அதில் சிறுநீர்ப்பை. அதற்குக் கீழே கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாகப் புராஸ்டேட் சுரப்பி, அதன் நடுவே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. பின்னால் மலக்குடல். கிண்ணத்தின் அடிப்பாகத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு தசை விரிப்பு. தொட்டில் துணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நெருக்கமான குடித்தனத்தில் ஒரு வீட்டில் சண்டை என்றால் பக்கத்து வீட்டில்தான் சத்தம் கேட்கும். மேலே சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற கல், விரையில் வலியைக் காட்டும். முதுகெலும்பு ஜவ்வு விலகினால் தொடை இடுக்கில் தெரியும். மூலமும் ஆசனவாய் வெடிப்பும் முன்பக்கம் வலிக்கிற மாதிரி ஏமாற்றும். வலிக்கிற இடமும் நோய் இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் கையை வைத்து அழுத்திப் பார்க்காமல், யூரின் டெஸ்ட் செய்யாமல், ஸ்கேன் பார்க்காமல் எவனாவது மருந்து கொடுத்தால் அவன் படித்த டாக்டராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சில வலிகளுக்கு ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. வளரும் பையன்களுக்கு, இருபது வயசுக்குள் இருப்பவர்களுக்கு, திடீரென்று ஒரு பக்க விரையில் கொடூரமான வலி, வாந்தி வருகிறது என்றால் விரை உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்க்காவிட்டால் விரையையே எடுக்க வேண்டிவரும். சிப்காட்டில் டிரெய்னி என்ற பெயரில் நைட் ஷிப்ட் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த வயசுப் பையன்கள்தான். அவன் ராத்திரி 2 மணிக்கு இதை சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வான்? "என்னடா, எங்கடா வலிக்குது?" என்று நாலு பேர் சிரிப்பார்கள். அவன் காலை 6 மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொடை இடுக்கில் புடைப்பு இருந்து, படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வரும் என்றால் அது குடலிறக்கம். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது வெளியே தெரிய வரும். அந்தப் புடைப்பு ஒரு நாள் உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி வலித்தால் அன்றைக்கே ஆபரேஷன். இரண்டு தொடைக்கும் நடுவே உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் கழிக்க முடியாமல், காலும் தளர்ந்தால் அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்குகிற அவசரம். குளிர்க் காய்ச்சலோடு அடிவயிறும் ஆசனவாய்ப் பக்கமும் வலித்து, சிறுநீர் அடைத்தால் அது புராஸ்டேட்டில் கிருமி. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் சந்தோஷப்படாதீர்கள், அதுதான் எல்லாவற்றையும்விட ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பல சமயம் வலிக்காமல்தான் ஆரம்பிக்கும். சிகரெட் அதற்கு முதல் காரணம். சாயத் தொழிலின் சில ரசாயனங்களும் காரணம் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம்.

சரி, ரயிலில் நின்ற மனிதருக்கு வருவோம். அவருடைய வேலை ரீ-ரோலிங் மில்லில். பழைய இரும்பை உருக்கி வார்த்த கட்டியை மறுபடி பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே கொடுத்துக் கம்பியாக இழுப்பார்கள். உருக்கும் உலையில் இரும்பு ஏறக்குறைய 1,600 டிகிரியில் கொதிக்கும். காய்ச்சும் உலை ஆயிரத்துச் சொச்சம். அதன் வாயிலிருந்து சில அடி தூரத்தில் இவர் நிற்கிறார். தலையில் ஒரு ஈரத்துண்டு. அதுவும் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். நீங்கள் கட்டிய, அல்லது தவணை கட்டிக்கொண்டிருக்கிற ஃப்ளாட்டின் தூணுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி இந்த வட்டாரத்திலிருந்து வந்திருக்கலாம்.

இந்த மாதிரி வேலையில் ஒரு மனிதன் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகவே இழக்க முடியும். எட்டு மணி நேரம். வெறும் எட்டு என்று எழுதுகிறேன், பன்னிரண்டு என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை யார் திருப்பிக் கொடுப்பது?

"தண்ணி குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"குடிச்சா ஒண்ணுக்குப் போகணும் சார். போனா என் எடத்துல நிக்க ஆள் வேணும். ஆள் கேட்டா, எத்தனவாட்டிடா போவேன்னு கேப்பாங்க. அதான் குடிக்கிறதில்ல."

இதைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். அவருடைய நோய்க்கான காரணத்தை எந்த மருத்துவக் கல்லூரியும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. குடிக்காததால் சிறுநீர் கெட்டியாகிறது. கெட்டியான சிறுநீரில் உப்புகள் படிகமாகின்றன. படிகம் கல்லாகிறது. கல் சிறுநீரகத்தை விட்டு இறங்கும்போது விலாவில் ஆரம்பித்து, அடிவயிறு வழியாக, விரைக்கும் குறியின் நுனிக்கும் வலி ஓடுகிறது. அடிக்கடி முட்டுகிறது, போனால் நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. நம் பாட்டிகள் இதைத்தான் சூடு என்றார்கள். பார்க்கப் போனால் பாட்டி தப்பே சொல்லவில்லை. சூடுதான். ஆனால் அது அவர் உடம்பின் சூடு இல்லை, முதலாளியின் உலையின் சூடு.

நான் உணர்ச்சிவசப்பட்டு எழுதுவதாக நினைக்காதீர்கள். 1993-லேயே இத்தாலியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் கணக்கெடுத்தார்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் கல், சாதாரணச் சூழ்நிலையில் வேலை செய்தவர்களில் 2.4 சதவீதம். அது இத்தாலி என்கிறீர்களா? நம்ம போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்திய இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் 340 பேரை ஆராய்ந்து 2020-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் சிறுநீரகத் தொந்தரவு சொன்ன 91 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் நாலில் ஒருத்தருக்கு மேல் கல் இருந்தது. கல் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதிக வெப்பத்தில் நிற்பவர்கள். இரண்டும் ரகசிய அறிக்கை இல்லை. விஞ்ஞானப் பத்திரிகைகளில் அச்சாகி எல்லோரும் படிக்கிற மாதிரி இருப்பவை. கும்மிடிப்பூண்டி மேனேஜர்களுக்கு இங்கிலீஷ் தெரியும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் சுருண்டு விழுந்து செத்தால் குடும்பத்துக்கு நிவாரணம். நல்ல விஷயம், பாராட்டுகிறேன். ஆனால் கூரைக்குக் கீழே, வருஷம் 365 நாளும், மார்கழியிலும்கூட அடிக்கிற வெப்ப அலைக்கு என்ன பெயர்? அதற்குப் பெயர் உற்பத்தி.

உலை மட்டும்தான் பிரச்னை என்று இல்லை. ஷெட்டின் உச்சியில் ஓடும் கிரேனைப் பாருங்கள். அதில் ஒரு சின்னக் கூண்டு. ஆபரேட்டர் இரும்பு ஏணியில் ஏறினால் பல இடங்களில் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். கீழே உருகும் இரும்பின் ஆவி மேலே அவரிடம்தான் போகிறது. அவரும் அதே கணக்குதான் போடுகிறார்: குடித்தால் இறங்க வேண்டும், அதனால் குடிப்பதில்லை. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்கு வெளியே வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவரைப் பாருங்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்த இடம், சூடான எஞ்சின், குலுங்கும் சீட். அவருக்கு வருகிற வலி வேறு ரகம். கல் இல்லை, கிருமி இல்லை, ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனால் விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே பந்து மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு வலி மாசக்கணக்கில் இருக்கும்.

இதை நம் டாக்டர்கள் பலர் 'புராஸ்டேட்டில் இன்ஃபெக்‌ஷன்' என்று ஒரே வரியில் முடிப்பார்கள். உண்மை என்னவென்றால், நாள்பட்ட புராஸ்டேட் வலி என்று வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமியே கிடைப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1990-களிலேயே இதைத் தனி வகையாகப் பிரித்து, நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலி என்று பெயர் மாற்றியது. நான் சொன்னேனே தொட்டில் துணி, அந்தத் தசைகள் இறுகிப்போய்த் தளர மறந்துவிடுவது இதில் ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். அடக்கி அடக்கி, உட்கார்ந்து உட்கார்ந்து, பயந்து பயந்து இறுகின தசை. அதற்கு வேண்டியது தசையைத் தளர்த்தச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட், வெந்நீர்த் தொட்டி, இடையிடையே எழுந்து நடக்க அனுமதி. கிடைப்பது என்ன? ஆன்ட்டிபயாட்டிக். ஐந்து நாள், பத்து நாள், மறுபடி ஒரு கோர்ஸ். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் பார்க்கக்கூட மாட்டார்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், ஓஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் மெடிக்கல் ஷாப்பில் மிட்டாய் மாதிரி கிடைக்கின்றன. இந்த வகை மருந்துகள் தசைநாரைப் பலவீனமாக்கி அறுக்கக்கூடும் என்று 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. குதிகால் தசைநாரைத்தான் அதிகம் தாக்கும். அதை நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? இரும்பு தூக்குகிறவனுக்கு.

டாஸ்மாக் வைத்தியத்தையும் விட்டுவிடக் கூடாது. "பீர் அடிச்சா கல் கரைஞ்சிடும்" என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கரையாது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். அது விழுகிற நேரத்தில் கையில் பீர் இருந்தால் பெயர் பீருக்குப் போகிறது. வாழைத்தண்டுக்கும் இதே கதைதான். வாழைத்தண்டைச் சாப்பிடுங்கள், நல்ல காய். ஏழெட்டு மில்லிமீட்டர் கல்லிடம் அதன் ஜம்பம் சுலபத்தில் பலிக்காது.

முதலாளிகள் தரப்பு என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். "தண்ணி வெச்சிருக்கோம், மோர் குடுக்கறோம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்கூட குடுக்கறோம். அவனுங்க குடிக்கலைன்னா நாங்க என்ன பண்றது?" கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போக ஆள் மாற்றிவிடாதவன், சோறு போட்டுவிட்டுக் கழுத்தைப் பிடிக்கிறவன். பெண்களுக்குக் கழிப்பறை இல்லையே என்று எழுதினால் இப்போதாவது நாலு பேர் வெட்கப்படுகிறார்கள். அதற்கே எத்தனை வருஷம் ஆயிற்று. ஆண்களுக்கு என்று கேட்டுப் பாருங்கள். "ஆம்பளைக்கு என்னங்க, சுவரோரம் நின்னா போச்சு" என்பார்கள். சுவர் இருக்கிறது ஐயா. சுவர் வரைக்கும் போய்வர மூன்று நிமிஷம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே குடிநீர் வை என்றது. 250 பேருக்கு மேல் இருந்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வை என்றது. கழிப்பறை கட்டு என்றது. நின்றுகொண்டே வேலை செய்கிறவன் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இடம் கொடு என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்காதே, நடுவில் அரை மணியாவது விடு என்றது. 2020-ல் அதையெல்லாம் புதிய சட்டத் தொகுப்புக்குள் கொண்டுபோனார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்ததாக அறிவிப்பும் வந்துவிட்டது. அதிலும் குடிநீர் உண்டு, கழிப்பறை உண்டு, உட்கார இடம் உண்டு. கழிப்பறை இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்க்கலாம். அதற்குப் போகும்போது என் இடத்தில் யார் நிற்பார் என்று தொழிலாளி கேட்டால் எந்தப் பிரிவைக் காட்டுவது?

இன்னொன்று. 1948 சட்டத்தின் பின்னிணைப்பில், தொழிலால் வருகிறவை என்று டாக்டர் கண்டால் அரசாங்கத்துக்கு எழுதியே ஆக வேண்டிய நோய்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. 29 நோய்கள். ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, நுரையீரலில் கல்தூசி, இரைச்சலால் வரும் காது மந்தம் எல்லாம் உண்டு. உலை வெப்பத்தால் வரும் சிறுநீரகக் கல் இல்லை. பட்டியலில் இல்லாத நோய் தொழிலால் வந்த நோய் ஆகாது. அது தொழிலாளியின் சொந்த நோய். சொந்தச் சூடு. அவன் சொந்தச் சுண்ணாம்பைத் தடவிக்கொள்ள வேண்டியதுதான்.

காட்டுகிற இடமாவது பக்கத்தில் இருக்கிறதா? மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். திருவள்ளூரில். ரொம்ப சந்தோஷம். திருவள்ளூர் அரக்கோணம் லைனில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி கூடூர் லைனில் இருக்கிறது. இந்த ஊர்க்காரன் தன் மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னை வரைக்கும் வந்து, வண்டி மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும். வலியோடு ஒருத்தன் அதைச் செய்வானா? நேரே ஸ்டான்லிக்குப் போகிறான். அங்கே காலை எட்டு மணிக்கு சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ஸ்கேனுக்குத் தேதி வாங்கி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஸ்கேன் அன்றைக்கு இன்னொரு நாள். ரிசல்ட் காட்ட இன்னொரு நாள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் நோய்க் காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு. கான்ட்ராக்டர் பணம் கட்டியிருந்தால். கட்டியிருக்கிறாரா என்று கேட்கத் தைரியம் இருந்தால். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பையன்களுக்கு இந்த 'இருந்தால்'கூட இல்லை. அவர்களுக்கு 'கீழே வலிக்கிறது' என்று சொல்லத் தமிழும் தெரியாது, அதைக் கேட்க டாக்டருக்கு ஒடியாவும் தெரியாது.

ஏ.சி. ரூமில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் நாலு மணி நேர மீட்டிங்கில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்தான். பைக்கில் தினமும் ஐம்பது கிலோமீட்டர் போகிறவர்தான். உங்களுக்கு வலித்தால் கூகுளில் தேடிவிட்டு, புற்றுநோயோ என்று ராத்திரி முழுக்க முழித்திருப்பீர்கள், மறுநாள் கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுப்பீர்கள். ஆனால் டாக்டரிடம் கேட்கும்போது நீங்களும் குரலைத் தாழ்த்தித்தான் "கீழ" என்பீர்கள். அந்தக் கூச்சத்தில் மட்டும் உங்களுக்கும் ரீ-ரோலிங் மில்காரருக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் மகனிடம் என்றைக்காவது, "டேய், அங்க வலிச்சா உடனே சொல்லுடா" என்று சொல்லியிருக்கிறீர்களா? இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொல்லுங்கள். அவன் நெளிவான். நெளியட்டும்.

ரயில்காரர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். நான் வற்புறுத்தியதாலோ, வலி வற்புறுத்தியதாலோ, அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இடது சிறுநீர்க்குழாயின் கடைசியில், சிறுநீர்ப்பைக்குள் நுழைகிற வாசலில் 7 மில்லிமீட்டர் கல். குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டராவது சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாம்.

"வேலைக்குப் போயிட்டீங்களா?"

"போயிட்டேன் சார். அதே எடம்தான்."

"லீவ் லெட்டர்ல என்னன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"காய்ச்சல்னு எழுதிட்டேன் சார். கல்லுன்னு எழுதினா, இவனுக்கு சூட்டு வேலை ஒத்துக்காதுன்னு கான்ட்ராக்டர் பேரை எடுத்துருவாரு."